கோடு போட்டு அடித்த டீக்கடை

பிரயாணத்துக்குத் திட்டம் போடுவதில் எங்கள் அப்பாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பிரயாணம் போனதுதான் கிடையாது. ஊட்டிக்கு மூன்று முறை, கன்னியாகுமரிக்கு இரண்டு முறை, டார்ஜிலிங்குக்கு ஒரு முறை என்று, எங்கள் தங்கச் சுரங்க ஊரின் பாலகாட் பகுதியில் இருந்த கம்பெனி வீட்டின் சாப்பாட்டு மேஜையை விட்டு எழாமலே நாங்கள் போய் வந்திருக்கிறோம். எந்த ரயில், எங்கே தங்குவது, எந்த ஸ்டேஷனில் இட்லி வாங்கலாம் என்பது வரைக்கும் அப்பா யோசித்துவிடுவார். பிறகு யாருக்காவது அம்மை போட்டுவிடும், அல்லது லீவு கிடைக்காது. அட்டவணை பத்திரமாக அலமாரிக்குள் போய்ச் சேரும்.

எனக்கு எட்டு வயதான வருஷம்தான் நிஜமாகவே போவதென்று முடிவானது. அப்பா வேலை பார்த்தது மண் அள்ளுகிற, பாறை சுமக்கிற பெரிய வண்டிகளைச் செய்யும் ஃபாக்டரியில். அங்கே சில வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு ஊர் சுற்றிவரச் சலுகை உண்டு. அந்தச் சலுகையில் அந்தமானுக்குப் போய்வந்த ஒருவர் கேன்டீனில் ஃபோட்டோ ஆல்பத்தைக் காட்டிவிட்டார். அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வரும்போது இரவல் வாங்கிய ஆல்பமும், அவருக்கு அங்கே வண்டி ஓட்டிய டிரைவரின் ஃபோன் நம்பரும் கையில் இருந்தன.

டிரைவர் அண்ணன் பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேரிலேயே. அவருடைய அப்பா பரமக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவராம். தமிழிலேயே பேசித் தீவைச் சுற்றிவிடலாம் என்பது அப்பாவுக்குப் பெரிய தைரியம். தினமும் காபி குடித்து முடித்ததும் ஃபோனை மேஜைமேல் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரில் போடுவார். எல்லோரும் கேட்க வேண்டும், எல்லோரும் கருத்துச் சொல்ல வேண்டும் என்பார். பேசுவதென்னவோ அவர் மட்டும்தான்.

எங்கள் ஊரில் ஒரு நாளுக்குக் காலை, மதியம், மாலை என்றெல்லாம் கிடையாது. ஃபர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட், நைட் ஷிப்ட்தான். தங்கச் சுரங்கம் மூடிப் பல வருஷம் ஆகியும் இந்தப் பழக்கம் போகவில்லை. சுரங்கத்தைக் கண்ணால் பார்க்காத என் வயதுப் பிள்ளைகளே, செகண்ட் ஷிப்டில் விளையாடலாம் என்றுதான் பேசிக்கொள்வோம். அப்பாவும் அந்தமானை ஷிப்டு ஷிப்டாகப் பிரித்தார். ஃபர்ஸ்ட் ஷிப்டில் ஜெயில், செகண்ட் ஷிப்டில் கடற்கரை. டிரைவர் அண்ணனுக்கு முதல் இரண்டு நாள் ஒன்றும் புரியவில்லை. புரிந்த பிறகு, சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் அங்கே இருட்டிவிடும், செகண்ட் ஷிப்டில் கடற்கரை தெரியாது, கடல் சத்தம்தான் கேட்கும் என்றார். அப்பா நம்பவில்லை. அந்தமானும் இந்தியாவில்தானே இருக்கிறது என்று அரை மணி நேரம் வாதாடிப் பார்த்துவிட்டு, எல்லா இடங்களையும் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குள் திணித்தார்.

அட்டவணை நோட்டு என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்துக்கு ஒரு சர்டிபிகேட் கொடுத்திருந்தார்கள். அதிலிருந்து எங்கள் வீட்டில் எது எழுதுவதென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இடத்தின் பெயரை நீல மையிலும் நேரத்தைச் சிவப்பிலும் எழுதினேன். அப்பா மனசை மாற்றிக்கொள்ளும் போதெல்லாம் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டு அடிப்பேன். நான் அடித்தால் அந்த இடம் போயிற்று. யாரும் அதைப் பற்றி மறுபடி பேசுவதில்லை. பேனா வைத்திருக்கிறவள் கையில்தான் அதிகாரம் இருக்கிறது என்பதை நான் கொஞ்சம் சீக்கிரமாகவே கண்டுபிடித்துவிட்டேன்.

இந்தக் கட்டத்தில்தான் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறை அப்பா செய்தார். நல்லபடியாகப் போய்வர வேண்டுமென்று சர்ச்சில் ஜெபத்துக்குப் பெயர் கொடுத்தார். பாஸ்டர் ஐயாவும், அந்தமான் தீவுக்குப் பிரயாணம் போகிற நம் சகோதரர் குடும்பத்துக்காக ஜெபிப்போம் என்று மைக்கில் சொல்லிவிட்டார். ஆமென் சொல்லிவிட்டு வெளியே வந்து செருப்பு மாட்டுவதற்குள் முதல் பார்சல் வந்துவிட்டது.

சுரங்கம் மூடியபோது எங்கள் ஊர் ஆட்கள் பிழைப்பைத் தேடி நாலா பக்கமும் போய்விட்டார்கள். எந்த மூலைக்குப் போனாலும் அங்கே எங்கள் ஊர் மாரிகுப்பத்துக்காரர் ஒருவர் இருப்பார். அவருடைய அக்காவோ மாமியாரோ எங்கள் சபையில் இருப்பார். போகிறவர் கையில் ஏதாவது கொடுத்தனுப்பாமல் விடமாட்டார்கள். ஒரு வாரத்துக்குள் கிச்சிலிக்காய் ஊறுகாய், கருவாட்டுப் பொட்டலம், ஸ்வெட்டர், ஒரு கல்யாண ஆல்பம், குழந்தைக்கு வசம்பு, பெரிய எழுத்து பைபிள் என்று ஆறு பார்சல் சேர்ந்துவிட்டது. கருவாட்டைக் கடலுக்கு நடுவிலேயே இருக்கிற ஊருக்கு எடுத்துப்போவானேன் என்று அப்பா கேட்டுப் பார்த்தார். நம்ம ஊர்க் கடைக் கருவாடு மாதிரி வராது என்று பதில் வந்தது. நமக்காக ஜெபித்தவர்களிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது?

ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு நிறுத்தம் வேண்டியிருந்தது. நோட்டில் மியூசியம் இருந்த இடத்தில் யாரோ ஒருவருடைய மச்சான் வீடு வந்தது. மரம் அறுக்கும் மில்லைப் பார்ப்பதற்குப் பதிலாக ஒரு ரிட்டயர்டு நர்ஸம்மா. ஜெயில் மட்டும் அசையாமல் நின்றது. டிரைவர் அண்ணன் நான் வாசித்ததையெல்லாம் கேட்டுவிட்டு, சார் ஊர் பார்க்க வருகிறாரா, ஓட்டு கேட்க வருகிறாரா என்றார்.

இனி என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். இந்த ஒரு வரியைக்கூட அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. சுரங்கம் மூடியபோது அவருக்கு இருபத்து நாலு வயது. வேலை போய்ச் சும்மா இருந்தவருக்கு அப்பாதான் தன் ஃபாக்டரியில் பெரியவர்களிடம் பேசி, தன் பொறுப்பில் ஒப்பந்த வேலை வாங்கிக் கொடுத்தார். அவரோ, மூடிக்கிடந்த சுரங்க ஷாஃப்டுக்குள் இறங்கிச் செம்புக் கேபிளை வெட்டி விற்கிற ஒரு கூட்டத்தோடு சேர்ந்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரே சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் போலீஸ் ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது. கேஸ் பெரிதாகாமல் விட்டுவிட்டார்கள். அப்பா விடவில்லை. என் வாசப்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். அந்த வாரமே மாமா ஊரைவிட்டுப் போனார்.

நான் பிறந்தது அதற்கு அடுத்த வருஷம். எனக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல், நகைக்கடை ஸ்டூலில் உட்கார வைத்துக் குத்தினார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு மாமா உண்டு, எனக்குக் கிடையாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாமா இருந்து இல்லாமல் போனார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் கப்பல் வேலைக்குப் போன எங்கள் சபைப் பையன் ஒருவன், அந்தமானில் வண்டூருக்குப் போகிற சாலையில் அவர் டீக்கடை வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் சொல்லியிருந்தான். அம்மா அதை மூன்று வருஷமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள்.

அப்பா அந்தமான் என்று சொன்ன நாளிலிருந்தே அம்மா ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். உனக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று அப்பா கேட்டால், நீங்க கூட்டிட்டுப் போற எடம் போதும் என்பாள். ஒரு மத்தியானம் எதிர்வீட்டு ஃபோனிலிருந்து டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டு, அந்த டீக்கடை எங்கே என்று விசாரித்திருக்கிறாள். அவரும் தெரியும் என்று சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவந்தது.

ஆறு பார்சல்கள் வரிசையாக நின்றதைப் பார்த்துவிட்டு அம்மா ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தாள். அப்பா ஃபாக்டரியில் இருந்த நேரம். வண்டூர் ரோட்டு டீக்கடையில் ஒரு பொட்டலம் கொடுக்க வேண்டும், எழுதிக்கொள் என்றாள். யார் கொடுத்தது என்று கேட்டேன். சபையில் ஒரு அம்மா என்றாள். எழுதிக்கொண்டேன். அடுத்த நாள் அம்மா சமையலறையில் புதுச் சீப்பு ஒன்றை வைத்துக்கொண்டு, மாவை அதன் பல்லில் உருட்டி உருட்டிக் கல்கல் செய்துகொண்டிருந்தாள். கல்கல் என்பது கிறிஸ்துமஸ் பலகாரம். ஏப்ரல் மாதத்தில் யாராவது செய்வார்களா என்று கேட்டேன். தோணுச்சு என்றாள். டப்பா நிறையச் செய்தாள். எனக்குக் கொடுத்தது நாலே நாலு.

அந்த ஆல்பத்தில் எனக்கு ஒரே ஒரு ஃபோட்டோதான் முக்கியம். அடியில் கண்ணாடி வைத்த படகு. குனிந்து பார்த்தால் கடலுக்குள் பவழமும் மீனும் தெரியும். அதில் போகப்போகிறேன் என்று என் வகுப்பு முழுக்க, பக்கத்து வகுப்பிலும் பாதிப் பேரிடம் சொல்லி முடித்திருந்தேன். அந்தப் படகு வண்டூரிலிருந்துதான் கிளம்பும். எட்டரைக்குப் படகு, ஒரு நிமிஷம் தாமதமானாலும் விட்டுவிட்டுப் போய்விடுவான் என்று டிரைவர் அண்ணன் சொல்லியிருந்தார். நான் நோட்டைத் திறந்து பார்த்தேன். நீல மையில் படகு. அதற்கு முந்தின வரியில் டீக்கடை. யாரோ ஒரு அம்மா, யாரோ ஒரு டீக்கடைக்காரர். டீ குடிக்காமல் அம்மா அங்கிருந்து கிளம்பமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஸ்கேலை எடுத்தேன். இரண்டு கோடு போட்டேன்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு, கடைசித் தடவையாக அட்டவணையை டிரைவர் அண்ணனுக்கு வாசித்துக் காட்டச் சொன்னார் அப்பா. ஃபோன் வழக்கம்போல ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சபை வாசிப்புப் போல நிறுத்தி நிதானமாக வாசித்து முடித்தேன்.

"அவ்வளவுதானா பாப்பா? வண்டூர் ரோட்டுல ஒரு டீக்கடைக்குப் போகணும்னு உங்க அம்மா சொன்னாங்களே?" என்றார் டிரைவர் அண்ணன்.

"அது கேன்சல்" என்றேன்.

வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றது. அப்பா பேப்பரை இறக்கினார். கப்பல் வேலைப் பையன் அம்மாவிடம் மட்டுமல்ல, அப்பாவிடமும் சொல்லியிருந்தான் என்பது எனக்கு அப்போது எப்படித் தெரியும்? அப்பா சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு ஃபோனைப் பார்த்தார். என்ன டீக்கடை, யார் சொன்னது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரிப்பா, நேர்ல பாக்கலாம் என்று சொல்லி ஃபோனை வைத்தார். சற்று நேரம் கழித்து வெங்காயச் சத்தம் மறுபடி கேட்டது.

சாப்பாடு முடிந்து மேஜையைத் துடைக்க வந்த அம்மா நோட்டை எடுத்துத் திறந்தாள். நான் அடித்திருந்த வரிமேல் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்தினாள்.

"கோடு நேரா போட்டிருக்கே" என்றாள்.

பாராட்டுகிறாள் என்று நினைத்து, ஸ்கேல் வைத்துப் போட்டேன் என்றேன். அம்மா என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்னைப் போன்ற பிள்ளையை அன்றைக்கு ஒரு அறையாவது விட்டிருப்பேன்.

தீவில் முதல் மூன்று நாள் திட்டப்படியே போயிற்று. டிரைவர் அண்ணன் ஒல்லியாக, எப்போதும் துவைத்து மடித்த சட்டை போட்டுக்கொண்டு, எதற்கும் அவசரப்படாதவராக இருந்தார். ஜெயிலைப் பார்த்தோம். கடற்கரையைப் பார்த்தோம். ஐந்தரைக்கு நிஜமாகவே இருட்டியது. அப்பா கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பார்சல் வீடுகளில் எல்லோரும் எங்களை உட்காரவைத்து, நம்ம ஊர் எப்படிக் கீது என்று கேட்டார்கள். கருவாட்டு வீட்டுக்காரர் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டுக் கண்கலங்கினார். அப்பா அதற்குப் பிறகு கருவாட்டைப் பற்றிப் பேசவில்லை. ஆறு பார்சலும் போய்ச் சேர்ந்தன. அம்மாவின் கைப்பைக்குள் ஒரு டப்பா மட்டும் அப்படியே இருந்தது.

நாலாம் நாள் வண்டூர். ஆறரைக்கு வருவதாகச் சொன்ன டிரைவர் அண்ணன் ஆறு மணிக்கே வந்துவிட்டார். அப்பா முன்சீட்டில் உட்கார்ந்தார். வழியெல்லாம் பாக்கு மரமும் பலகை வீடுகளுமாக இருந்தது. அம்மா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் என் பிளாஸ்டிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பாதி வழியில் வேன் வேகம் குறைந்தது. டிரைவர் அண்ணன் ஓரமாக நிறுத்திவிட்டு, இன்ஜின் சூடாகிவிட்டது, கொஞ்சம் ஆறவிட வேண்டும் என்றார். எதிர்ப்பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு டீக்கடை இருந்தது.

அப்பா உடனே இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கி அதற்குள் தலையை விட்டுக்கொண்டார். இதை நான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். இருபது வருஷமாக மலைபோன்ற வண்டிகளுக்கு இன்ஜின் பூட்டியவர் அப்பா. ஒரு வேனில் கோளாறு இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க அவருக்கு அரை நிமிஷம் போதும். அன்றைக்கு அவர் தலையை வெளியே எடுக்கவே இல்லை. கடைப் பக்கம் முதுகைக் காட்டியபடி, எதையோ தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

டிரைவர் அண்ணன் கதவைத் திறந்துவிட்டு, "அக்கா, நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. நேரம் ஆகும்" என்றார்.

அம்மா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு சாலையைத் தாண்டினாள். கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். கிட்டே வராமல், தோளில் கிடந்த துண்டால் பெஞ்சைத் துடைக்க ஆரம்பித்தார். சுத்தமாக இருந்த பெஞ்சை எதற்கு அப்படி அழுத்தித் துடைக்கிறார் என்று நினைத்தேன். அம்மா உட்கார்ந்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். அம்மா டப்பாவைத் திறந்து நீட்டினாள். அவர் ஒரு கல்கலை எடுத்து, வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று வேனுக்குள் இருந்த எனக்குக் கேட்கவில்லை.

ஐந்து நிமிஷம் பொறுத்தேன். பத்து நிமிஷம் பொறுத்தேன். பிறகு இறங்கிப்போய் அப்பாவிடம், படகு போய்விடும், கிளம்பலாம் என்றேன். இன்னும் ஆறணும்மா என்றார். குரல் பானெட்டுக்குள்ளிருந்து வந்தது. டிரைவர் அண்ணனும் ஆமாம் என்று தலையாட்டினார். பெரியவர்கள் யாருக்கும் நேரத்தைப் பற்றிக் கவலை இல்லை என்று தெரிந்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. சாலையைத் தாண்டி ஓடி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். இரு கண்ணு, கொஞ்சம் இரு என்றாள். நான் இருக்கவில்லை. அட்டவணையில் இந்தக் கடையே கிடையாது, நான் அடித்தாயிற்று என்று கத்தினேன். மண்ணில் உட்கார்ந்து, காலை உதைத்துக்கொண்டு அழுதேன்.

அந்த டீக்கடைக்காரர்தான் குனிந்து என்னைத் தூக்கினார். "அழுவாத பாப்பா. படகு உன்ன வுட்டுட்டுப் போவாது" என்றார். எட்டு வயதுப் பிள்ளையை முன்பின் தெரியாத ஒருவர் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. திமிறினேன். அவர் விடாமல் தூக்கிக்கொண்டு சாலையைத் தாண்டி வந்து, வேன் சீட்டில் என்னை உட்காரவைத்தார். அம்மா பின்னாலேயே வந்தாள்.

இப்போது அப்பாவும் அவரும் இரண்டு அடி தூரத்தில் நின்றார்கள். டிரைவர் அண்ணன் வேறெங்கோ பார்த்தார். அப்பா பானெட்டுக்குள் பார்த்தபடியே, "தண்ணி இருக்குமா?" என்றார்.

அவர் ஓடினார். ஒரு ஜக்கு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். அப்பா ரேடியேட்டர் மூடியைத் திருகித் திறந்தார். சூடேறிய ரேடியேட்டர் மூடியை வெறுங்கையால் யாரும் திறக்கமாட்டார்கள், திறந்தால் கை வெந்துபோகும் என்பது எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரியும். அப்பா சாவகாசமாகத் திறந்து, ஜக்கை வாங்கி ஊற்றினார். ஊற்றினதும் வழிந்தது. அதில் தண்ணீர் நிறையத்தான் இருந்தது. ஜக்கைத் திருப்பிக் கொடுத்து, போதும் என்றார். அவர் தலையை ஆட்டினார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

வேன் கிளம்பியது. அம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒரு வளைவு வந்து கடை மறைந்தது.

படகுத்துறைக்குப் போனால் டிக்கெட் கொடுக்கிற ஜன்னல்கூடத் திறக்கவில்லை. படகு கிளம்புவது ஒன்பதே காலுக்காம். டிரைவர் அண்ணன் எங்களுக்கு எட்டரை என்று சொன்னது, வழியில் அம்மாவுக்கு நேரம் கிடைக்கட்டும் என்றுதான். அவர் ஒதுக்கிவைத்த நேரத்தை நான் அழுதே தீர்த்துவிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே காத்திருந்தோம். நான் நண்டு பிடிக்க ஓடினேன். அம்மா ஒரு சிமெண்டு பெஞ்சில், கடலுக்கு முதுகைக் காட்டி, நாங்கள் வந்த சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் போய்விட்டு வரலாமா என்று கேட்க அவளால் முடியாது. கேட்டிருந்தால் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். எங்கள் வீட்டில் அது வழக்கமில்லை.

கண்ணாடிப் படகில் பவழத்தைப் பார்த்தேன். ஆல்பத்தில் இருந்த அளவுக்கு நிறமில்லை. பள்ளிக்கூடத்தில் அத்தனை நிறமும் இருந்ததாகவே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மாமாவைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு மெதுவாகத்தான் வந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு வரும். அம்மா அதை அலமாரியில் வைப்பாள். அப்பா அதை நகர்த்தாமல் தன் மாத்திரையை எடுத்துக்கொள்வார். வா என்று அப்பா சொல்லவில்லை, வரட்டுமா என்று மாமாவும் கேட்கவில்லை. போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு ஃபோன் வந்தது. மாமாவுக்கு மாரடைப்பு. அப்பாவும் அம்மாவும் போய் அடக்கத்தில் நின்றுவிட்டு வந்தார்கள். நான் பெங்களூரிலிருந்து ஊருக்குப் போனபோது அப்பா வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னேன். நான்தான் கோடு போட்டேன், நான்தான் அழுது உன்னை இழுத்துக்கொண்டு வந்தேன், இல்லாவிட்டால் உன் தம்பியோடு இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருப்பாய் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா ஒரு துண்டை மடித்து வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"அவன் வேனையே பாத்துட்டு இருந்தான். பாப்பாவைத் தூக்கலாமாக்கா, மாமா இன்னா சொல்லுவாரோன்னு கேட்டான். உங்கப்பா அங்கயே நிக்கிறாரு, நான் இன்னான்னு சொல்றது? வாயே வரல எனக்கு. அப்பதான் நீ ஓடியாந்து அழுதே. அழுவுற புள்ளையத் தூக்கறதுக்கு யாரைக் கேக்கணும்? நீ அழுவலைன்னா அவன் உன்னத் தொட்டுக்கூட இருக்கமாட்டான்."

நானும் துணி மடித்தேன்.

அந்தச் சாலை பத்தடி அகலம்கூட இருக்காது. அவர் அதைத் தாண்ட எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்பது இப்போது எனக்கு நன்றாக நினைவு வருகிறது. என்னைத் தூக்கிக்கொண்டு நடுச்சாலை வரை வந்து நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு வண்டிகூட வரவில்லை. மறுபடியும் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். படகு போய்விடுமே, இந்த ஆள் ஏன் இப்படி நின்றுகொண்டே இருக்கிறார் என்று நான் அவர் தோளில் ஓங்கி ஓங்கி அடித்தேன்.